படத்திலும் விளம்பரத்திலும் பழைய ராக் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களிலிருந்து 1980கள் வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த ராக் பாடல்கள் சினிமாவுக்கும் டிவி விளம்பரத்துக்கும் எப்படி வந்து சேர்கின்றன, சில பாடல்கள் ஏன் லேசில் கிடைப்பதில்லை, கிடைத்த பாட்டை எடிட் மேசையில் என்ன செய்வது என்பவை பற்றிய கேள்விகள் இவை. டாலர் தொகைகள் அந்தந்த ஆண்டின் மதிப்பில் தரப்பட்டுள்ளன. இன்றைய பேரத்துக்கு அவற்றை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

ஒரு பாட்டுக்கு ஒரு அனுமதி போதாதா?

போதாது. ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பூட்டு உண்டு. எழுதி மெட்டமைத்தவர்களின் உரிமை முதல் பூட்டு. அதைப் பார்த்துக்கொள்பவர் பப்ளிஷர். பாட்டைக் காட்சியோடு சேர்க்க அவர் தரும் அனுமதிக்கு சிங்க் லைசென்ஸ் என்று பெயர். ஸ்டுடியோவில் குறிப்பிட்ட ஒருவர் பாடி, குறிப்பிட்ட நாளில் நாடாவில் ஏறிய அந்த ஒலிப்பதிவின் உரிமை இரண்டாவது பூட்டு. அது பெரும்பாலும் லேபிளிடம், அதாவது பதிவை வெளியிட்ட இசை நிறுவனத்திடம், இருக்கும். அவர்கள் தருவது மாஸ்டர் லைசென்ஸ்.

1988-இல் தொடங்கிய 'த ஒண்டர் இயர்ஸ்' தொடரின் தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குரல் ஜோ காக்கருடையது. பாட்டு லெனன்–மெக்கார்ட்னி எழுதியது. காக்கரின் லேபிள் சம்மதித்தாலும் லெனன்–மெக்கார்ட்னி பாடல்களை வைத்திருக்கும் பப்ளிஷர் ஒப்பாவிட்டால் ஒரு விநாடிகூட ஓட்ட முடியாது. பப்ளிஷர் மட்டும் சம்மதித்தால், பாட்டை வேறு யாரையாவது வைத்துப் பாடிக்கொள்ளலாம்; காக்கரின் குரல் கிடைக்காது.

பாடியவர் "வேண்டாம்" என்றால் பாட்டு கிடைக்காதா?

அவர் கையில் உரிமையோ, ஒப்பந்தப்படி மறுக்கும் அதிகாரமோ இருந்தால்தான் அவர் பேச்சு எடுபடும். 1987-இல் நைக்கி தன் ஷூ விளம்பரத்தில் பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' பாட்டை பீட்டில்ஸின் குரலிலேயே போட்டது. அதற்கு முன் அமெரிக்க டிவி விளம்பரத்தில் பீட்டில்ஸ் பாட்டு வந்தால் அது வேறு யாரோ பாடியதாக இருக்கும். பதிவுக்கு லேபிளான கேபிடல்-இஎம்ஐ சம்மதித்தது. பாட்டின் உரிமை மைக்கேல் ஜாக்சனிடம் இருந்தது. 1985-இல் ஏடிவி பதிப்பகத்தை 4.75 கோடி டாலருக்கு அவர் வாங்கியபோது லெனன்–மெக்கார்ட்னி பாடல்களில் பெரும்பகுதி அவரிடம் போய்விட்டது. இரு தரப்புக்கும் தலா 2,50,000 டாலர் என்று அப்போது செய்தி வந்தது.

இரண்டு பூட்டும் திறந்தாயிற்று. ஆனாலும் பீட்டில்ஸின் சொந்த இசை நிறுவனமான ஆப்பிள் அதே ஆண்டு ஜூலையில் 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1989 நவம்பரில் நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். காகிதம் சரியாக இருப்பது வேறு, கலைஞர் மனம் ஒப்புவது வேறு. பெரிய விளம்பர நிறுவனங்கள் சட்டப்படி தேவையில்லாதபோதும் கலைஞரின் மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது இதனால்தான்.

டோர்ஸ் குழுவின் கதை இதற்கு நேர் எதிர். வருமானத்தை நால்வரும் சமமாகப் பங்கிட்டார்கள். எந்த முடிவையும் யாரும் தனியாளாகத் தடுக்கலாம் என்று ஏற்பாடு. 1968-இல் பாடகர் ஜிம் மாரிசன் ஊரில் இல்லாதபோது மற்ற மூவரும் 'லைட் மை ஃபயர்' பாட்டை பியூக் காருக்கு 75,000 டாலருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். திரும்பி வந்த மாரிசன் ஆடிய ஆட்டத்தில் அது நின்றுபோனது. முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து கேடிலாக் கார் 1.5 கோடி டாலரோடு வந்தபோது டிரம்மர் ஜான் டென்ஸ்மோர் ஒருவர் மறுத்தார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கேடிலாக் 2002-இல் லெட் செப்பலினின் 'ராக் அண்ட் ரோல்' பாட்டோடு விளம்பரத்தை வெளியிட்டது.

விலை எப்படி முடிவாகிறது?

நிலையான விலைப்பட்டியல் கிடையாது. படத்துக்கென்றால் பார்ப்பவை: பாட்டின் புகழ், காட்சியில் அதன் இடம், படத்தின் மொத்தச் செலவு. ஓட்டல் காட்சியில் பின்னால் லேசாகக் கேட்பது ஒரு விலை. பாத்திரம் வாய்விட்டுப் பாடுவது கூடுதல் விலை. டைட்டிலிலோ கடைசிப் பெயர்வரிசையிலோ ஓடுவது அதற்கும் மேல். விநாடிக் கணக்கு பலரும் நினைப்பதைவிடக் குறைவாகவே விலையைப் பாதிக்கும். எல்லோருக்கும் தெரிந்த கிதார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டு) என்றால் 8 விநாடிக்கும் 40 விநாடிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தெரிந்த உடனே வேலை முடிந்துவிட்டது என்று உரிமையாளருக்குத் தெரியும்.

விளம்பரம் வேறு கணக்கு. எத்தனை மாதம், எந்தெந்த நாடு, டிவி மட்டுமா இணையமுமா, 60 விநாடி விளம்பரத்தை 30, 15 என வெட்டிப் போடுவார்களா, அதே வகைப் போட்டிப் பொருளுக்குத் தரக் கூடாது என்ற தடை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் தொகை ஏறும். பாப் சீகரின் 'லைக் எ ராக்' 1991 முதல் 2004 வரை ஷெவ்ரலே டிரக்குகளுக்கு ஓடியது. அதன்பின் அந்தப் பாட்டைக் கேட்டால் சேற்றில் ஏறும் டிரக்தான் கண்முன் வரும். அப்படி ஒட்டிக்கொண்ட பாட்டை இன்னொருவர் வேறு பொருளுக்கு வைக்கத் தயங்குவார். அந்த இழப்பும் சேர்த்துத்தான் விளம்பர விலை.

சில தொகைகள் வெளியே தெரிந்தவை. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளியானபோது ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டார்ட் மீ அப்' பாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்தது என்ற வதந்தி பல ஆண்டு சுற்றியது. அந்த வேலையில் இருந்த அதிகாரி பின்னாளில் சொன்ன தொகை ஏறத்தாழ 30 லட்சம். 'மேட் மென்' தொடரின் ஓர் அத்தியாயத்தில், 2012-இல், பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்' ஒலித்ததற்கு ஏறத்தாழ 2,50,000 டாலர் என்று செய்தி வந்தது. டிவி நாடகத்தில் பீட்டில்ஸின் மூலப் பதிவு கேட்பது அவ்வளவு அபூர்வம்.

எம்எஃப்என் என்று ஒப்பந்தத்தில் வருகிறதே, அது என்ன?

'மோஸ்ட் ஃபேவர்ட் நேஷன்' என்பதன் சுருக்கம். "அவருக்கு என்ன கொடுக்கிறாயோ அதையே எனக்கும் கொடு" என்பதுதான் பொருள். தெரியாமல் கையெழுத்திட்டால் பட்ஜெட் உடையும் இடம் இது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாட்டை இருவர் எழுதியிருக்கிறார்கள். ஒருவரின் பப்ளிஷரிடம் 60 சதவீதம், மற்றவரிடம் 40. முதல் பப்ளிஷர் தன் 60-க்கு 9,000 டாலர் கேட்கிறார். அதாவது முழுப் பாட்டின் விலை 15,000. மாஸ்டருக்கு லேபிள் 15,000 சொல்கிறது. மொத்தம் 30,000 என்று எழுதிவைத்துவிட்டீர்கள். கடைசியில் 40 சதவீதக்காரர் வந்து தன் பங்குக்கு 10,000 கேட்கிறார். முழுப் பாட்டு 25,000 ஆகிவிட்டது. எம்எஃப்என் இருப்பதால் 60-க்காரருக்கு 15,000, லேபிளுக்கு 25,000 என்று எல்லாம் உயரும். மொத்தம் 50,000. கடைசி ஆள் கேட்டது 10,000தான். உங்கள் செலவு ஏறியது 20,000. ஆகவே எல்லாப் பங்காளிகளின் விலையும் எழுத்தில் வரும்வரை யாருக்கும் ஒப்புதல் சொல்லாதீர்கள். சிறிய பங்குக்காரரை முதலில் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

பாட்டின் பெயர், எழுதியவர்கள், பாடியவர், எந்த ஆல்பத்தின் எந்தப் பதிவு. ஸ்டுடியோ, கச்சேரி, மோனோ (ஒரே ஒலித்தடம்), ரீமிக்ஸ் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பிறகு படத்தின் சுருக்கம், இயக்குநர், மொத்தச் செலவு, இசைக்கு ஒதுக்கிய தொகை, வெளியீட்டு மாதம், எந்த ஊடகம், எந்த நாடு, எத்தனை ஆண்டு. ஒரு குறும்படத்துக்கு இப்படி இருக்கலாம்:

"காட்சி 14. இரவு, டீக்கடை. ரேடியோவில் பாட்டு ஒலிக்கிறது. இருவர் பேசுகிறார்கள், பேச்சு மேலே, பாட்டு கீழே. குரலோடு கூடிய பகுதி, 0:42 முதல் 1:20 வரை, 38 விநாடி, ஒரு முறை. காட்சியில் வன்முறையோ போதைப்பொருளோ இல்லை. முதலில் உலகத் திரைவிழாக்கள், 2 ஆண்டு. விருப்பத் தேர்வாக: உலகம் முழுதும், எல்லா ஊடகமும், கால எல்லையின்றி."

கடைசி வரி முக்கியம். விழாவுக்கு மட்டும் மலிவாக அனுமதி வாங்கிக்கொண்டு, பிறகு ஓடிடி வாங்க வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த நாளில் கத்தி உரிமையாளர் கையில் இருக்கும். மேல்படிக்கான விலையை இன்றே எழுதி வாங்குங்கள். பணம் தேவைப்படும்போது கொடுத்தால் போதும்.

காட்சி விவரத்தை மழுப்பாதீர்கள். வன்முறைக் காட்சியைச் "சற்றே பதற்றமான காட்சி" என்று எழுதி அனுமதி வாங்கி, படம் வெளியானபின் உண்மை தெரிந்தால் அனுமதி செல்லாது என்று வாதிட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

எவ்வளவு நாள் ஆகும்?

உரிமையாளர் இருவர் மட்டும், கலைஞரின் சம்மதம் தேவையில்லை என்றால் சில வாரம். எழுதியவர்களில் ஒருவர் இறந்து வாரிசுகள் மூன்று பேர், பதிவு இரண்டு லேபிள் கைமாறியிருக்கிறது என்றால் மாதக்கணக்கு. படப்பிடிப்பிலேயே பாட்டு ஒலித்தாக வேண்டும் என்றால், பாத்திரம் ஆடுகிறது, வாயசைக்கிறது என்றால், அனுமதி வராமல் கேமராவைத் திருப்பாதீர்கள். பின்னணியில் மட்டும் வரும் பாட்டுக்கு மாற்று கிடைக்கும். வாயசைப்புக்கு மாற்றே இல்லை.

7 விநாடி வரை இலவசம் என்கிறார்களே?

தவறு. 7, 15, 30 எதுவும் சட்டத்தில் இல்லை.

மூலப் பதிவு கிடைக்காவிட்டால் அதே மாதிரி ஒருவரைப் பாடவைக்கலாமா?

பப்ளிஷரிடம் சிங்க் வாங்கிக்கொண்டு வேறு குழுவைப் புதிதாக வாசிக்க வைப்பது முறையானது, தினமும் நடப்பது. ஒரு குறிப்பிட்ட பாடகரின் குரலை நகலெடுக்கச் சொல்வதில்தான் வினை. 1980களின் நடுவில் ஃபோர்டு கார் விளம்பரத்துக்குப் பெட் மிட்லர் பாட மறுத்தார். விளம்பர நிறுவனம் அவரோடு முன்பு துணைக்குரல் பாடியவரை அழைத்து, அவரைப் போலவே பாடச் சொன்னது. பாட்டின் உரிமையை முறைப்படி வாங்கித்தான் இருந்தார்கள். ஆனாலும் 1988-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரபலமான தனித்த குரலை விற்பனைக்காகப் போலி செய்வது தவறு என்றது. நடுவர் குழு 4,00,000 டாலர் கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டு ஒரு சிப்ஸ் விளம்பரத்தில் டாம் வெய்ட்ஸின் கரகரப்புக் குரலைப் போலி செய்ததற்கு அபராதமும் சேர்த்து 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. 1992-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

மறுத்தவரிடம் கேட்ட கடிதமும், போலி செய்தவருக்கு "அவரைப் போலப் பாடு" என்று எழுதிய குறிப்பும் கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வக்கீலால் அதிகம் செய்ய முடியாது. ஏஐ குரலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

படத்துக்கு வாங்கிய அனுமதி ட்ரெய்லருக்கும் ஆல்பத்துக்கும் செல்லுமா?

எழுதியிருந்தால்தான் செல்லும். 1969-இன் 'ஈசி ரைடர்' படத்தில் 'த வெய்ட்' பாட்டு த பேண்ட் குழுவின் குரலில் வருகிறது. ஆனால் படத்தின் ஆல்பம் வேறு லேபிளில் வெளியானதால் அந்தப் பதிவு அதில் இல்லை. ஸ்மித் என்ற குழு பாடிய அதே பாட்டைச் சேர்த்தார்கள். படம் பார்த்துவிட்டு இசைத்தட்டு வாங்கியவர்கள் வேறு குரலைக் கேட்டார்கள். ட்ரெய்லருக்குத் தனித் தொகை உண்டு. சில சமயம் படத்தில் வருவதைவிட அதிகம்கூட. காரணம், அது விளம்பரம்தான்.

பழைய தொடரை இப்போது பார்த்தால் பாட்டு மாறியிருக்கிறதே?

அன்று டிவியில் ஓட்டுவதற்கு, சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருப்பார்கள். வீட்டில் டிஸ்க் வாங்கிப் பார்ப்பது, ஓடிடி என்பதெல்லாம் யார் கனவிலும் இல்லை. 1978 முதல் 1982 வரை வந்த 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' ஒரு ரேடியோ நிலையத்தைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். காட்சிக்குக் காட்சி அன்றைய ராக் பாட்டு ஓடும். லைசென்ஸ் காலம் முடிந்ததும் மறு ஒளிபரப்பிலும், 2007 டிவிடியிலும் பெயர் தெரியாத இசையைப் போட்டு நிரப்பினார்கள். பேச்சும் பாட்டும் ஒரே தடத்தில் கலந்திருந்த இடங்களில் பாட்டை மட்டும் உருவ முடியவில்லை; பேச்சையே டப்பிங் செய்ய வேண்டியதாயிற்று. 2014-இல் இன்னொரு நிறுவனம் பாடுபட்டுப் பெரும்பகுதிப் பாடல்களைத் திரும்ப வாங்கி வெளியிட்டது.

பாடம் எளிது: பேச்சு, ஒலி விளைவு, இசை மூன்றையும் தனித்தனித் தடமாகச் சேமித்து வையுங்கள். இருபது ஆண்டு கழித்து யாரோ உங்களை வாழ்த்துவார்கள்.

இன்னொரு வகை மாற்றமும் உண்டு. 1992-இன் 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' படத்தில் கிதார் கடையில் நாயகன் லெட் செப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டை வாசிக்கத் தொடங்க, கடைக்காரர் தடுப்பார். தியேட்டரில் அந்தப் பாட்டின் சில ஸ்வரங்கள் கேட்டன. வீடியோவில் வேறு ஏதோ ஸ்வரங்கள்; ஆகவே நகைச்சுவை பாதிப் பேருக்குப் புரிவதில்லை.

லெட் செப்பலின் பாட்டு வாங்குவது ஏன் அவ்வளவு கடினம்?

அவர்கள் நெடுங்காலம் யாருக்கும் எளிதில் தரவில்லை; ஒவ்வொரு கோரிக்கையையும் உயிரோடிருக்கும் உறுப்பினர்கள் பார்த்தே முடிவு செய்தார்கள். 2003-இன் 'ஸ்கூல் ஆஃப் ராக்' படத்துக்கு 'இமிகிரண்ட் சாங்' தேவைப்பட்டபோது, நடிகர் ஜாக் பிளாக் கச்சேரிக் காட்சிக்கு வந்திருந்த கூட்டத்தோடு மேடையில் நின்று கெஞ்சிக் கூத்தடித்து, அதைப் படமாக்கி அனுப்பினார்கள். பாட்டு கிடைத்தது. 2000-இன் 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' படத்துக்கு வேறு சில பாடல்களைக் கொடுத்தவர்கள், 'ஸ்டேர்வே'யை மட்டும் தரவில்லை. பையன் அந்தப் பாட்டைத் தாய்க்குப் போட்டுக் காட்டும் காட்சி படத்திலிருந்து போய்விட்டது. டிவிடியில் அதைப் பாட்டில்லாமல் வைத்து, "உங்கள் வீட்டு இசைத்தட்டை இந்த நொடியில் போடுங்கள்" என்று பார்வையாளரிடம் வேலையை விட்டார்கள். பார்வையாளர் சொந்தமாக வாங்கிய தட்டை வீட்டில் ஓட்ட யாரிடமும் சிங்க் லைசென்ஸ் வாங்க வேண்டாமே!

பாட்டின் பொருளுக்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தமே இல்லையே?

பல நேரம் இல்லை. எடிட்டர் நான்கு வரியை எடுப்பார், ஐந்தாவது வரியில் வெட்டிவிடுவார். கிரீடன்ஸ் குழுவின் 'ஃபார்ச்சூனேட் சன்' பணக்கார வீட்டுப் பிள்ளைகள் போருக்குப் போகாமல் தப்பிப்பதைத் திட்டும் பாட்டு. 2000களின் தொடக்கத்தில் ஒரு ஜீன்ஸ் விளம்பரம் கொடி பற்றிய முதல் வரிகளை மட்டும் எடுத்து தேசபக்திப் பாட்டாக மாற்றிவிட்டது. எழுதிய ஜான் ஃபோகர்ட்டி கொதித்தார்; உரிமை அவரிடம் இல்லை, தடுக்க முடியவில்லை. 2023-இல்தான் தன் பழைய பாடல்களின் உலகளாவிய உரிமையில் பெரும்பங்கை அவர் திரும்பப் பெற்றார். இகி பாப்பின் 'லஸ்ட் ஃபார் லைஃப்' 1996-இன் 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' படத்தில் ஹெராயின் அடிமைகள் ஓடும் காட்சிக்கு ஒலித்தது. சில ஆண்டுகளிலேயே அது குடும்பத்தோடு போகும் சொகுசுக் கப்பல் பயண விளம்பரத்துக்கு வந்துவிட்டது. டிரம் அடியின் உற்சாகம் மட்டும் போதும் என்று நினைத்திருப்பார்கள். வரிகளைப் படித்தவர்கள் சிரித்தார்கள்.

விண்ணப்பிக்கும் முன் முழு வரிகளையும் அச்செடுத்து வாடிக்கையாளர் மேசையில் வையுங்கள். ஒளிபரப்பிய மறுநாள் செய்தித்தாளில் அவர் படிப்பதைவிட அது நல்லது.

எடிட்டில் பழைய ராக் பாட்டு ஏன் இவ்வளவு படுத்துகிறது?

முதல் காரணம், தாளம் கடிகாரம் போல ஓடாது. அன்றைய குழுக்களில் பல கிளிக் ட்ராக் (தாளம் தவறாமலிருக்கக் காதில் ஒலிக்கும் டிக்-டிக்) இல்லாமல் வாசித்தவை. பல்லவியில் வேகம் கூடும், சரணத்தில் இறங்கும். பாட்டு நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்து டைம்லைனில் கட்டம் போட்டால், விநாடிக்கு 24 ஃபிரேமில் ஓர் அடிக்கு 12 ஃபிரேம். குழு 123-க்கு ஏறிவிட்டால் 60 அடி முடியும்போது ஏறத்தாழ 18 ஃபிரேம் முந்திவிடும். உங்கள் வெட்டு டிரம் மேல் விழாமல் பக்கத்தில் விழும். கட்டத்தை நம்பாமல் ஒவ்வொரு நான்கடிக்கும் கையால் மார்க்கர் போடுங்கள். பாட்டை நீட்டிச் சுருக்கிக் கட்டத்துக்குள் அடைக்காதீர்கள். அந்தத் தள்ளாட்டத்துக்காகத்தான் அந்தப் பாட்டை வாங்கினீர்கள்.

இரண்டாவது, 60களின் ஸ்டீரியோ. பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பதிவுகளில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம். தியேட்டரில் இடது ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பாடகரே இருக்கமாட்டார். மோனோ பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். லைசென்ஸிலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, குரலும் வசனமும் மோதுவது. இன்றைய பாட்டுக்குக் குரலில்லாத தடம் தனியே கிடைக்கும். 1971 பாட்டுக்கு மூல நாடா எங்கோ கிடங்கில் இருக்கும், அல்லது இருக்காது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வசனம், வசனம் முடிந்ததும் பாடகர் என்று காட்சியை வெட்டுவதே வழி. மார்ட்டின் ஸ்கோர்செசி 'குட்ஃபெல்லாஸ்' படத்தில் 'லேலா' பாட்டின் கடைசிப் பியானோப் பகுதியை மட்டும் எடுத்தார். குரல் இல்லாத பகுதி. அந்தப் பிணக் காட்சிகளைப் படமாக்கும்போதே பாட்டை ஓடவிட்டு, கேமரா நகர்வை அதற்கேற்ப அமைத்தார். பாட்டை எடிட்டில் ஒட்டியதாக அது தெரியாததற்கு அதுதான் காரணம்.

நான்காவது பலருக்குத் தெரியாது. 24 ஃபிரேம் படத்தைப் பழைய பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிக்கு 25 ஃபிரேமில் ஓட்டும்போது வேகம் 4 சதவீதம் கூடும். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 50 விநாடியில் முடியும்; சுருதி ஓர் அரைஸ்வரத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். பாட்டை மனப்பாடமாகத் தெரிந்தவர் "ஏதோ சரியில்லை" என்பார், என்னவென்று சொல்லத் தெரியாது. சுருதியைத் தனியே இறக்கிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கோப்பைப் பொறுத்தவரை லேபிளிடமிருந்து 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பு கேளுங்கள். எடிட்டர் யூடியூபிலிருந்து இறக்கி வைத்த தற்காலிகக் கோப்பு கடைசிவரை மாற்றப்படாமல் தியேட்டருக்கே போன கதைகள் உண்டு.

படத்தால் பழைய பாட்டு மீண்டும் விற்குமா?

நன்றாகவே விற்கும். பிரிட்டனில் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தால் கிளாஷ் குழுவின் 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ' 1991-இல் முதலிடம் பிடித்தது. குழு உடைந்து போனபின் வந்த அதுதான் அங்கே அவர்களின் ஒரே முதலிடம். 1976-இல் அமெரிக்காவில் 9-ஆம் இடம் வந்த 'போஹீமியன் ராப்சடி', 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' கார்க் காட்சிக்குப்பின் 1992-இல் 2-ஆம் இடம். கேட் புஷ்ஷின் 1985 பாட்டு ஒன்று 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரால் 2022-இல் பிரிட்டனில் முதலிடம். 37 ஆண்டு காத்திருப்பு. பேரத்தில் உரிமையாளர் விலையைக் குறைக்கச் சம்மதிப்பது சில நேரம் இந்தக் கணக்கில்தான். நீங்களாக அதைச் சொல்லி விலை குறைக்கக் கேட்டால் எடுபடாது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

உரிமையை விற்றுவிட்ட கலைஞரின் பாட்டுக்கு யாரைக் கேட்பது?

வாங்கியவரை. ஆனால் எதை விற்றார் என்று பாருங்கள். பாப் டிலன் 2020-இல் தன் பாடல்களை யுனிவர்சலுக்கும், பிறகு பதிவுகளைச் சோனிக்கும் விற்றார். ஒரே ஆளின் இரண்டு பூட்டுக்கு இரண்டு கம்பெனி. பிங்க் ஃபிளாய்ட் 2024-இல் சோனிக்கு விற்றது பதிவுகளை. பாடலாசிரியர் உரிமையை அல்ல.

சென்னையில் எடுக்கும் குறும்படத்துக்கு என்ன வழி?

பெரிய லேபிள்களுக்கும் பப்ளிஷர்களுக்கும் மும்பையில் அலுவலகம் உண்டு, அங்கிருந்து தொடங்குங்கள். இசை உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்புகளான ஐபிஆர்எஸ், பிபிஎல் இரண்டும் பொது இடத்தில் ஒலிபரப்புவதற்கான அனுமதி சார்ந்தவை. படத்தோடு பாட்டைச் சேர்க்க அவர்களின் ரசீது உதவாது. யூடியூபில் ஏற்றியதும் "உரிமை கோரப்பட்டது" என்று வந்து வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் அது அனுமதி என்று நினைக்க வேண்டாம். விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகிறது, அவ்வளவுதான். நாளைக்கே தடுக்கவும் அவர்களால் முடியும்.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டு. ஆகவே 1964-இல் வெளியான பதிவு ஒன்றுக்கு இங்கே மாஸ்டர் உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. இதைக் கேட்டதும் துள்ள வேண்டாம். பாட்டின் உரிமை எழுதியவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். இருவர் எழுதியிருந்தால் கடைசியாக இறப்பவரிலிருந்து கணக்கு. முதல் பூட்டு அப்படியே தொங்குகிறது. படத்தை இணையத்தில் போட்டால் அமெரிக்காவிலும் தெரியும். அங்கே 1972 பிப்ரவரி நடுவுக்கு முந்தைய அந்தக் காலப் பதிவுகளுக்கு 2067 வரை காவல் உண்டு.

எல்லாம் முடிந்தபின் கடைசியாக என்ன அனுப்ப வேண்டும்?

கியூ ஷீட். படத்தில் வரும் ஒவ்வொரு இசைத் துண்டுக்கும் பெயர், எழுதியவர், பப்ளிஷர், பங்கு சதவீதம், பயன்பாட்டு வகை, தொடங்கும் நேரம், நீளம் எழுதிய பட்டியல் அது. டிவியில் ஒவ்வொரு முறை ஒளிபரப்பாகும்போதும் எழுதியவருக்கு உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கம் வழியாகப் பணம் போவது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். அமெரிக்கத் தியேட்டர்களில் மட்டும் அப்படி எதுவும் வசூலிப்பதில்லை. நீளத்தை எடிட் முடிந்த கடைசிப் பதிப்பிலிருந்து அளந்து எழுதுங்கள். லைசென்ஸில் 38 விநாடி, படத்தில் 44 என்றால், அந்த 6 விநாடிக்கு மீண்டும் எல்லா உரிமையாளரிடமும் போக வேண்டும், எம்எஃப்என் உட்பட.